குட்டி எஞ்சினின் பெரிய கதை!
"கொசு" விமானத்தை வீரனாக்கியது. "காற்று" விமானத்துக்குப் பலம் போதவில்லை

ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்தான் அதன் நீளம். எடை சுமார் 380 கிலோ. ஐந்து மூட்டை நெல்லின் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், அதன் தள்ளும் சக்தி 5,000 ராத்தல்! இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,270 கிலோ. அதாவது, தன் எடையைப் போல 6 மடங்கு.

"ஆர்பியஸ்" என்பது அதன் பெயர். அது ஒரு ஜெட் எஞ்சின்.

அது இங்கிலாந்தில் பிறந்தது. பெங்களூரிலும் செய்யப்பட்டது. 1965-லும் 1971-லும் நடந்த இரண்டு யுத்தங்களில் இந்திய விமானங்களைத் தள்ளிக்கொண்டு பறந்தது.

ஒரு குட்டி விமானத்துக்கு அது வீரன் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. இன்னொரு அழகான விமானத்துக்கு அதன் பலம் போதவில்லை. அதனால் அந்த விமானத்தின் வாழ்க்கையே திசை மாறிப் போயிற்று.

போர் விமானத்துக்கு எஞ்சின் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த இரண்டு கதைகளும் காட்டுகின்றன.

பலூன் காட்டும் பாடம்

ஜெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

குழந்தைகள் விளையாடும் பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுவிடுங்கள். என்ன ஆகிறது? காற்று பின்பக்கமாகச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. பலூன் முன்பக்கமாகப் பாய்கிறது.

தீபாவளி வாணமும் இப்படித்தான் மேலே போகிறது. ஜெட் எஞ்சினின் தத்துவமும் இதுவே.

பலூன் ஒரு நொடியில் காலியாகிவிடும். ஜெட் எஞ்சின் காலியாவது இல்லை. முன்பக்கம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் சீறிக்கொண்டே இருக்கிறது.

அதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, காற்றை உள்ளே இழுப்பது.

இரண்டாவது, அந்தக் காற்றை நெருக்கி அழுத்துவது. வரிசை வரிசையாகச் சுழலும் விசிறிகள் இதைச் செய்கின்றன. ஆர்பியஸ் எஞ்சினில் இப்படி 7 வரிசைகள் உண்டு.

மூன்றாவது, அழுத்திய காற்றில் எண்ணெயைத் தூவி எரிப்பது. இது மண்ணெண்ணெயைப் போன்ற எண்ணெய்.

நான்காவது, எரிந்து விரிந்த சூடான காற்றைப் பின்பக்கமாக வெளியேற்றுவது.

வெளியே போகிற வழியில் அந்தச் சூடான காற்று ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. பனையோலைக் காற்றாடியைக் காற்று சுற்றுவது போலத்தான். இந்தச் சக்கரத்துக்கு "டர்பைன்" என்று பெயர்.

டர்பைனும் முன்பக்கத்து விசிறிகளும் ஒரே தண்டில் கோக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் உள்ளது சுற்றினால் முன்னால் உள்ளதும் சுற்றும். அது சுற்றினால் மேலும் காற்று உள்ளே வரும். இதனால்தான் இந்த வகை எஞ்சினை "டர்போஜெட்" என்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்வதுதான் கஷ்டம்!

தீக்குள் சுழலும் சக்கரம்

கொல்லன் பட்டறையில் இரும்பு சிவக்கச் சிவக்கக் காய்கிறது. காய்ந்ததும் இளகிவிடுகிறது. சுத்தியலால் அடித்தால் வளைகிறது, நீள்கிறது.

டர்பைனின் இதழ்களும் அப்படிப்பட்ட சூட்டில்தான் இருக்கின்றன. எரியும் அறையின் நடுவில் சூடு 2,000 டிகிரி வரை போகும். அந்தத் தீயில் குளிர்ந்த காற்றைக் கலந்து, சூட்டைத் தணித்துத்தான் டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். அப்படியும் அது செந்தணலின் சூடுதான்.

அந்தச் சூட்டில் இதழ்கள் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழல வேண்டும். வளையக் கூடாது. நீளக் கூடாது. ஒரு மயிரிழை நீண்டாலும் சுற்றியுள்ள கூட்டில் உரசிவிடும்.

சாதாரண இரும்பு இதற்கு உதவாது. நிக்கல் கலந்த விசேஷ உலோகங்கள் வேண்டும். அவற்றை உருக்கும் முறை, வார்க்கும் முறை, கடையும் முறை எல்லாம் சில நாடுகளுக்கு மட்டுமே கைவந்த வித்தை. அந்த வித்தையை அவை எளிதில் பிறருக்குச் சொல்வது இல்லை.

5 பவுன் இல்லாத மேதை

இங்கிலாந்தில் இந்த எஞ்சினுக்கு முதலில் வழி கண்டவர் பிராங்க் விட்டில். விமானப் படையில் பணியாற்றிய இளைஞர். 1930-ல் ஜெட் எஞ்சின் யோசனையைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 22!

யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1935-ல் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. அதற்குக் கட்டணம் 5 பவுன். விட்டிலிடம் அந்தப் பணம் இல்லை. சர்க்காரும் கொடுக்க மறுத்தது. பதிவு காலாவதி ஆகிவிட்டது!

ஆனாலும் அவர் விடவில்லை. நண்பர்கள் உதவியுடன் எஞ்சினைக் கட்டினார். 1937 ஏப்ரல் 12-ந் தேதி அதை முதன்முதலாக ஓட்டினார்.

எஞ்சின் பயங்கரமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு வேகம் எடுத்தது. எண்ணெயை நிறுத்திய பிறகும் வேகம் குறையவில்லை! சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். விட்டில் மட்டும் எஞ்சின் பக்கத்திலேயே நின்றார். உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகுதான் எஞ்சின் அடங்கியது.

அதற்குள் ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் என்பவரும் தனியாக ஒரு ஜெட் எஞ்சினை உருவாக்கிவிட்டார். உலகின் முதல் ஜெட் விமானம் 1939 ஆகஸ்டு 27-ந் தேதி ஜெர்மனியில் பறந்தது. விட்டிலின் எஞ்சின் பூட்டிய விமானம் 1941 மே 15-ந் தேதி பறந்தது.

யானைகளுக்கு நடுவே ஒரு கொசு

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. ஜெட் போர் விமானங்கள் பெருகின.

ஆண்டுக்கு ஆண்டு விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. எடை கூடியது. விலையும் கூடியது. ஒரு விமானத்தைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

"இது தப்பான வழி" என்று ஒருவர் நினைத்தார். அவர் பெயர் பெட்டர். இங்கிலாந்தின் பெயர் பெற்ற விமான நிபுணர். "கான்பெரா" என்ற குண்டு வீச்சு விமானத்தை வடிவமைத்தவர். அந்த விமானம் பிற்காலத்தில் இந்திய விமானப் படையிலும் 2007 வரை இருந்தது.

பெட்டர் சிறிய கம்பெனியான "போலண்ட்" கம்பெனிக்குப் போனார். "எடையைக் குறைத்தால் விலை குறையும். விலை குறைந்தால் அதே பணத்துக்கு அதிக விமானங்கள் கிடைக்கும்" என்பது அவருடைய கட்சி.

ஆனால், சிறிய விமானத்துக்குச் சிறிய எஞ்சின் வேண்டுமே! அது எங்கே இருக்கிறது?

முதலில் "வைப்பர்" என்ற எஞ்சினைப் பூட்டிப் பார்த்தார். ஆளில்லாமல் பறக்கும் இலக்கு விமானத்துக்காகப் பிறந்த எஞ்சின் அது. பீரங்கிப் பயிற்சியின்போது சுட்டு வீழ்த்தப்படுகிற விமானத்துக்கு நீண்ட ஆயுள் எதற்கு? சில மணி நேரம் ஓடினால் போதும் என்றுதான் வைப்பரை முதலில் செய்தார்கள். பிறகுதான் அதன் ஆயுளைக் கூட்டினார்கள்.

வைப்பர் பூட்டிய சோதனை விமானம் 1954 ஆகஸ்டு 11-ந் தேதி பறந்தது. நன்றாகத்தான் பறந்தது. ஆனால், போருக்குப் போக அந்தப் பலம் போதாது.

மூங்கில் தந்திரம்!

பெட்டருக்குக் கை கொடுத்தவர் ஸ்டான்லி ஹூக்கர். கணிதத்தில் கெட்டிக்காரர். பிரிஸ்டல் கம்பெனியில் எஞ்சின் வேலைக்குத் தலைவராக இருந்தார்.

சிறிய எஞ்சின், லேசான எஞ்சின், ஆனால் 5,000 ராத்தல் தள்ள வேண்டும். இதுதான் ஹூக்கர் முன் இருந்த கணக்கு.

அவர் செய்த தந்திரங்களில் முக்கியமானது தண்டில் இருந்தது.

முன் விசிறிகளையும் பின் டர்பைனையும் இணைக்கும் தண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் வேகமாகச் சுற்றும்போது நடுவில் துள்ளும். அதைத் தடுக்க நடுவில் ஒரு பேரிங் வேண்டும். பேரிங் வந்தால் அதைத் தாங்க ஒரு சட்டம் வேண்டும். அதற்கு எண்ணெய் போடக் குழாய் வேண்டும். எடை ஏறிக்கொண்டே போகும்.

ஹூக்கர் ஒல்லித் தண்டை விட்டுவிட்டார். அகலமான, உள்ளே கூடாக உள்ள, மெல்லிய சுவர் கொண்ட குழாயைத் தண்டாக வைத்தார்.

ஒல்லிக் குச்சி வளையும். அதே எடையுள்ள மூங்கில் வளையாமல் நிற்கும். உள்ளே கூடாக இருப்பதே மூங்கிலின் பலம். அதே தந்திரம்தான்!

நடுவில் பேரிங் தேவைப்படவில்லை. இரண்டு முனைகளிலும் இரண்டு பேரிங்குகளே போதும். உறுப்புகள் குறைந்தன. எடை குறைந்தது. பழுது பார்ப்பதும் எளிதாயிற்று.

1954 டிசம்பரில் ஆர்பியஸ் முதன்முதலாக ஓடியது. 1955 ஜூலை 18-ந் தேதி அதைப் பூட்டிய போர் விமானம் பறந்தது.

அந்த விமானத்தின் பெயர் "நாட்". கொசுவைப் போன்ற சிறு பூச்சி என்று அர்த்தம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 22 அடிதான்!

இந்தியா வாங்கியது

கொசுவைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். ஆனால், இங்கிலாந்தின் விமானப் படை அதைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி விமானமாக மட்டுமே வாங்கியது.

இந்தியாவின் கண் அதன் மேல் விழுந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை. கையில் பணம் குறைவு. காக்க வேண்டிய எல்லையோ நீளம். விலை குறைவான, நாமே செய்துகொள்ளக்கூடிய விமானம் தேவைப்பட்டது.

1956-ல் ஒப்பந்தம் ஆயிற்று. நாட் விமானத்தைப் பெங்களூரிலேயே செய்ய அனுமதி கிடைத்தது. ஆர்பியஸ் எஞ்சினையும் அங்கேயே செய்வதற்காக 1957-ல் தனித் தொழிற்சாலை ஏற்பட்டது. 1940-ல் தொடங்கிய இந்துஸ்தான் விமானக் கம்பெனியின் எஞ்சின் பிரிவு இப்படித்தான் பிறந்தது.

அதுவரை ஜெட் எஞ்சினைச் செய்து பழக்கம் இல்லாத கைகள் அதைக் கற்றுக்கொண்டன.

சேபரை எதிர்த்த சிறுவன்

1965 செப்டம்பர். இந்தியா-பாகிஸ்தான் யுத்தம்.

பாகிஸ்தானிடம் அமெரிக்காவின் "சேபர்" விமானங்கள் இருந்தன. கொரியா யுத்தத்தில் பெயர் வாங்கியவை. இறக்கை அகலம் 37 அடி. நாட் அதன் பக்கத்தில் நின்றால் குழந்தை போல இருக்கும்.

ஆனால், ஆகாயச் சண்டையில் சிறிய உருவம் ஒரு வரம்! தூரத்தில் வரும் நாட், எதிரியின் கண்ணுக்கு எளிதில் தெரியாது. எடை குறைவு, எஞ்சினோ பலமானது. ஆகையால் சட்டென்று திரும்பும். விர்ரென்று மேலே ஏறும்.

செப்டம்பர் 3-ந் தேதி நாட் விமானங்கள் முதன்முதலாகச் சேபர்களுடன் மோதின. அன்று ஒரு சேபரைத் தாக்கியவர் டிரெவர் கீலர். அடுத்து நடந்த மோதல்களில் நாட்டின் புகழ் பரவியது. "சேபர் கொல்லி" என்று பெயர் வந்துவிட்டது.

எத்தனை சேபர்கள் விழுந்தன என்பதில் இரண்டு நாடுகளின் கணக்கும் ஒத்துப் போவதில்லை. ஒரு நாட் விமானம் பாகிஸ்தானின் பஸ்ரூர் விமான தளத்தில் இறங்கி, அவர்கள் கையில் சிக்கியதும் உண்டு. அது கராச்சியில் உள்ள காட்சிசாலையில் வைக்கப்பட்டது.

நாட்டிலும் குறைகள் இருந்தன. சில சமயம் பீரங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் நெருக்கடி. எண்ணெய் குறைவாகத்தான் பிடிக்கும். ஆகவே அதிக தூரம் போக முடியாது. ஆனாலும், விலை மலிவான ஒரு சிறு விமானம் பெரிய விமானத்துக்கு ஈடு கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை.

தனியாக எழுந்த வீரர்

1971-ல் நாட் மறுபடியும் களம் இறங்கியது.

நவம்பர் 22-ந் தேதி, கிழக்கு எல்லையில் பொய்ரா என்ற இடத்தில் 4 நாட் விமானங்கள் சேபர்களை மறித்தன. இரண்டு சேபர்கள் வீழ்ந்தன. பாராசூட்டில் குதித்த இரண்டு பாகிஸ்தான் விமானிகள் சிறைப்பட்டார்கள்.

டிசம்பர் 14-ந் தேதி. ஸ்ரீநகர் விமான தளத்தை 6 சேபர்கள் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்திலும் தம் நாட் விமானத்தில் ஏறிக் கிளம்பினார் நிர்மல்ஜித் சிங் சேகோன் என்ற இளம் விமானி.

தனியாக நின்று சேபர்களுடன் போராடினார். கடைசியில் அவருடைய விமானம் சுடப்பட்டு விழுந்தது. அவர் உயிர் துறந்தார்.

அவருக்குப் "பரம வீர சக்கரம்" வழங்கப்பட்டது. இந்திய விமானப் படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே!

அழகான உடல், போதாத பலம்

இனி இரண்டாவது கதை.

நாட் ஒப்பந்தம் நடந்த அதே 1956-ல் பெங்களூருக்கு ஒரு ஜெர்மன் நிபுணர் வந்தார். பெயர் குர்ட் டாங்க். உலக யுத்தத்தில் ஜெர்மனிக்காகப் புகழ் பெற்ற போர் விமானங்களை வடிவமைத்தவர்.

இந்தியாவின் சொந்தப் போர் விமானத்தை உருவாக்குவது அவருடைய வேலை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் வேண்டும் என்பது விருப்பம். 

இந்திய இளைஞர்கள் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். முதலில் மரத்தால், எஞ்சின் இல்லாத மிதவை விமானம் ஒன்றைச் செய்து 1959-ல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17-ந் தேதி நிஜ விமானம் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ்.

விமானத்தின் பெயர் "மாருத்". மாருதம் என்றால் காற்று அல்லவா? அந்தப் பெயர்தான். அதன் அழகைக் கண்டவர்கள் பாராட்டினார்கள்.

ஆனால், எஞ்சின்?

டாங்க் மனத்தில் வைத்திருந்தது ஆர்பியஸின் பெரிய தம்பியை. வெளியேறும் சூடான காற்றில் மறுபடியும் எண்ணெயைத் தூவி எரித்து, கூடுதல் பலம் பெறுகிற வகை. அது 8,000 ராத்தலுக்கு மேல் தள்ளும் என்று எதிர்பார்த்தார்கள்.

அந்த எஞ்சினை இங்கிலாந்து பாதியில் கைவிட்டது! அங்கே அதை வாங்குவார் இல்லை. மீதி வேலைக்கான செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை.

வேறு வழி? நாட் விமானத்துக்காகச் செய்துவந்த ஆர்பியஸ் வகையையே இரண்டாகப் பூட்டினார்கள். ஒவ்வொன்றும் 4,850 ராத்தல் தள்ளும். கொசுவுக்குத் தாராளமான பலம், காற்றுக்குப் போதவில்லை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு வரைந்த விமானம், அந்த வேகத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை!

எஞ்சின் தேடி அலைந்தார்கள்

ரஷியாவிடம் கேட்டார்கள், பொருந்தவில்லை. எகிப்து நாட்டில் ஒரு புது எஞ்சின் உருவாகி வந்தது. 1967-ல் ஒரு மாருத் விமானத்தில் அதைப் பூட்டி அங்கே பறக்கவிட்டார்கள். அந்த எஞ்சின் திட்டமும் நின்று போயிற்று.

"நாமே பலம் கூட்டுவோம்" என்று பெங்களூர் நிபுணர்கள் முனைந்தார்கள். ஆர்பியஸ் எஞ்சினுக்கு மறு எரிப்பு வசதியைச் சேர்த்தார்கள்.

1970 ஜனவரி 10-ந் தேதி அந்த விமானம் விபத்துக்குள்ளாயிற்று. ஓட்டிச் சென்ற சுரஞ்சன் தாஸ் மாண்டார். மாருத் விமானத்தை முதன்முதலாக ஆகாயத்துக்குக் கொண்டு சென்ற அதே விமானி!

இருந்தாலும் மாருத் வீண் போகவில்லை. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் தரைப் படைக்குத் துணையாகப் பறந்தன. ஒரு எஞ்சின் பழுதான பிறகும் மற்றதன் உதவியால் தளம் திரும்பிய மாருத்கள் உண்டு. ஆனால், எந்த வேகத்துக்காகப் பிறந்ததோ, அந்த வேகத்தைக் காணாமலே அது ஓய்வு பெற்றது.

ஆர்பியஸின் வாரிசுகள்

ஆர்பியஸ் வேறு பல வேலைகளும் செய்தது. இத்தாலியின் "பியட்" போர் விமானத்துக்கு அதுவே எஞ்சின். இந்தியாவின் "கிரண்" பயிற்சி விமானத்தின் இரண்டாவது வகைக்கும் அதுவே.

நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பும் "ஹாரியர்" விமானத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியக் கடற்படையில் 2016 வரை இருந்தது. அதன் எஞ்சினை முதலில் உருவாக்கியபோது, நடுப்பகுதியாக ஹூக்கர் குழுவினர் எடுத்துக்கொண்டது ஆர்பியஸைத்தான்!

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. "லக்ஷ்யா" என்ற ஆளில்லாத இலக்கு விமானத்துக்காகப் பெங்களூரில் ஒரு சிறு டர்போஜெட் எஞ்சினைச் சொந்தமாக வடிவமைத்துச் செய்தார்கள். அதன் தள்ளு சக்தி சுமார் 380 கிலோ. சிறியதுதான். ஆனால், பிறர் வரைபடத்தைப் பார்த்துச் செய்தது அல்ல!

பெரிய போர் விமானத்துக்கான எஞ்சின் முயற்சியும் நடந்தது. அதற்கு நம் நதியின் பெயர்: "காவிரி". 1989-ல் அனுமதி கிடைத்த திட்டம். தேஜஸ் விமானத்துக்காகத் தொடங்கியது. எதிர்பார்த்த பலம் வரவில்லை. 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவிரி பிரிக்கப்பட்டது. 2001-ல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ், அமெரிக்க எஞ்சினின் பலத்தில்தான் பறந்தது.

எது உயிர்?

நாட் வென்றதற்குக் காரணம் என்ன? எஞ்சினும் விமானமும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தன. மாருத் தளர்ந்ததற்குக் காரணம் என்ன? விமானம் பிறந்துவிட்டது, அதற்கான எஞ்சின் பிறக்கவில்லை.

விமானத்தின் உடலை 5 ஆண்டுகளில் செய்துவிட முடிந்தது. நல்ல எஞ்சினைச் செய்வதற்கோ உலோகம், சூடு, சோதனை என்று பல தலைமுறைகளின் அனுபவம் வேண்டும். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், கடைக்காரன் கதவை மூடுகிற நாளில் விமானம் தரையில் நிற்க வேண்டியதுதான்.

ஐந்து மூட்டை நெல்லின் எடையே உள்ள ஒரு சிறு எஞ்சின், பெரிய பெரிய நாடுகளுக்கும் இந்தப் பாடத்தைச் சொல்கிறது!